கன்னித்தீவு முதல் 'டக்ஸ்' வரை... ஒரகடத்துக்கு எப்போது ஒரு காமிக்ஸ்?

ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் பக்கம் போனால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஜன்னலில் சாய்ந்து தூங்குபவர்கள் போக, மீதிப் பேர் கையில் போன். சாலையோர டீக்கடையில் மட்டும் கதை வேறு. அங்கே ஒரே தினத்தந்தி நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். அதில் 'கன்னித்தீவு' வந்த தாளுக்கு எப்போதும் ஒரு தனி மவுசு!

60 வருடம் தாண்டிய பயணம்

1960-ல் தொடங்கிய சித்திரத் தொடர் அது. மந்திரவாதி மூசாவால் பொம்மை அளவுக்குச் சுருங்கிப்போன இளவரசி லைலாவுக்காக சிந்துபாத் கிளம்பியது நம் தாத்தா காலத்தில். இழுத்துக்கொண்டே போகும் கோர்ட் கேஸ், முடியாத மேம்பால வேலை என எதைப் பார்த்தாலும் 'கன்னித்தீவு மாதிரி போகுதுப்பா' என்கிறோம். ஒரு காமிக்ஸ் பழமொழியாகவே மாறிப்போனது எவ்வளவு பெரிய விஷயம்!

இரண்டு மூன்று கட்டத்தில் தினமும் கதை சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் கட்டம், நேற்று பேப்பர் பார்க்காதவருக்கு. அடுத்ததில் கதை ஓர் அடி நகரும். கடைசியில் யாராவது கத்தியை ஓங்குவார்கள், அல்லது ஒரு கதவு திறக்கும். மீதி நாளைக்கு! எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் படம் கைகொடுக்கும். படிப்பு வாசனை குறைந்த வீடுகளுக்குள்ளும் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கட்டங்கள்தான்.

பேப்பரில் பிறந்த ஹீரோக்கள்

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவர் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றின் தொடரிலிருந்து வந்தவர். ஆனால், அடுத்தடுத்து வந்த பலர் வெளிநாட்டு நாளிதழ்களில் பிறந்தவர்கள். மாண்ட்ரேக் 1934, வேதாளர் 1936, ரிப் கிர்பி 1946 என எல்லோரும் அமெரிக்கப் பேப்பர்களில் தினமும் சில கட்டங்களாக வந்தவர்கள். 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழை அலங்கரித்த மாடஸ்டி, 1963-ல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் அறிமுகமானவர். அதே 1984-ல் ராணி காமிக்ஸும் களத்தில் குதித்தது.

பழைய இதழ் கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சில கட்டங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர், நமக்குத் தெரிந்த விஷயத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அது ஆசிரியரின் மறதி இல்லை. மறுநாள் பேப்பர் வாங்கியவருக்கான முன்கதைச் சுருக்கம்! தினசரித் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த தையல் அங்கே தெரியும். அது புரிந்த பிறகு வேதாளரைப் படிப்பதே தனி சுகம்.

நம்ம ஆளுங்க எங்கே?

இத்தனை ரசித்த பிறகும் ஒரு குறை உறுத்துகிறது. டெக்ஸ் வில்லர் தயவில் டெக்சாஸ் பாலைவனம் நமக்கு அத்துப்படி. வேதாளரின் மண்டையோட்டுக் குகைக்குக்கூட வழி தெரியும். ஆனால், சுங்குவார்சத்திரத்தில் இறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கும் ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்த காமிக்ஸைத் தேடினால் கிடைப்பதில்லை. மதனின் 'ரெட்டைவால் ரெங்குடு', பூந்தளிரின் 'சுப்பாண்டி' போன்றவர்கள் நம்மைச் சிரிக்க வைத்தார்கள். உழைத்துக் களைத்த நம் மக்களின் நீண்ட கதை மட்டும் பாக்கி.

சுயாதீன காமிக்ஸ் கைகொடுப்பது இங்கேதான். பெரிய கம்பெனி இல்லை, மாதாமாதம் உலகத்தைக் காப்பாற்றும் ஹீரோவும் இல்லை. தன் வாழ்க்கையையே ஒருவர் கட்டம்கட்டமாக வரைவார். மர்ஜான் சத்ரபி தன் ஈரான் பால்யத்தைக் கறுப்பு வெள்ளையில் வரைந்த 'பெர்சபோலிஸ்' 2000-ல் பிரான்ஸில் வெளிவரத் தொடங்கியது, தமிழிலும் வந்தது. அம்பேத்கர் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைக் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் வரைந்த 'பீமாயணம்' 2011-ல் வந்தது. அதற்கும் தமிழ்ப் பதிப்பு உண்டு.

ஒரகடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் புத்தகம், கனடாவின் கேட் பீட்டன் வரைந்த 'டக்ஸ்' (2022). படிப்புக் கடனை அடைக்க, ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் எண்ணெய் மணல் வயலுக்கு வேலைக்குப் போகிறார் ஓர் இளம்பெண். முகாம் அறை, ஆண்கள் கூட்டத்தில் தனியாக நிற்கும் சங்கடம், ஊர் ஞாபகம்... எல்லாம் அவரே பட்டது. கழிவுக் குட்டையில் இறங்கிச் செத்துப்போன வாத்துகள்தான் தலைப்பு. இதன் சிறு வடிவத்தை 2014-ல் இணையத்தில்தான் முதலில் வெளியிட்டார்.

செய்தியில் வராத கட்டங்கள்

2006-ல் ஶ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர், அதிலும் நிறைய இளம்பெண்கள், வேலை இழந்தார்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாமே தலைப்புச் செய்தி ஆனவை. ஆனால், முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை வாங்கியது, நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூக்கம் வராமல் புரண்டது, ஆலை மூடிய அன்று ஐடி கார்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது... இதெல்லாம் எந்தச் செய்தியிலும் முழுசாக வராது. காமிக்ஸில் வரும்.

இதற்கு அச்சகம்கூட வேண்டாம். கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் போன் ஸ்கிரீனே போதும். பஸ் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு அத்தியாயம் படித்துவிடலாம். வரையத் தெரிந்த யாராவது இந்த பஸ்களில் நிச்சயம் இருப்பார்கள். தம்பி, தங்கச்சி... முதல் மூன்று கட்டத்தை வரைந்துவிடுங்கள். மீதி நாளைக்கு!