சேர்வராயன் மலைக் காப்பியும் நாட்டின் மூன்று வாக்குறுதிகளும்

ஏற்காட்டில் சுமார் 5,300 அடி உயரத்தில் அமைந்துள்ளது சேர்வராயன் கோயில். அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து காப்பி பயிராகி வருகிறது. உலக நாடுகள் கூடிப் பேசும் தட்பவெப்ப மாற்றத்திற்கும், இச்சரிவில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாடு கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று அவருடைய தோட்டத்து நிழல் மரங்களில்தான் அடங்கியிருக்கிறது.

நாடு ஏற்ற பொறுப்பு

நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளிவரும் கரியமில வாயு காற்று மண்டலத்தில் தங்கி, பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இதைக் கட்டுப்படுத்த 2015இல் பாரிஸ் உடன்படிக்கை உருவாயிற்று. 2016 அக்டோபர் 2ஆம் தேதி இந்தியா அதை ஏற்றது. 2022 ஆகஸ்டில் திருத்தி அறிவித்தபடி, 2030க்குள் நிறைவேற்ற வேண்டியவை மூன்று:

1. நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவின் அளவை 2005ஐ விட 45 சதவீதம் குறைத்தல்.

2. மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதியை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளில் அமைத்தல்.

3. காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்த்து வைத்தல்.

இந்தியாவில் ஒருவர் தலைக்கு வெளியாகும் வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. ஆகவே, முன்னரே தொழில் வளம் பெற்ற நாடுகள் அதிகச் சுமையை ஏற்க வேண்டும் என்று இந்தியா வாதிட்டு வருகிறது.

மின்சாரத்தின் நிலை

இரண்டாவது இலக்கை நாடு 2025 ஜூனிலேயே எட்டிவிட்டது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. பத்துக் குதிரைத்திறன் மோட்டார் இருந்தாலும் கிணற்றில் ஊறும் நீரைத்தானே இறைக்க முடியும்? அதுபோல வெயிலும் காற்றும் உள்ளபோதுதான் சூரிய, காற்று மின்சாரம் கிடைக்கும். நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. மலைக்கு மேற்கே மேட்டூரில் நீர் மின்சாரமும் உண்டு, அனல் மின்சாரமும் உண்டு.

புதிய மின்சாரத்திற்கும் ஒரு விலை உண்டு. மின்கம்பிக்கும் சூரியத் தகட்டின் சட்டத்திற்கும் அலுமினியம் தேவை. இம்மலையில் வெட்டிய பாக்சைட் முன்பு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. சுரங்கம் தோண்டிய இடத்தில் மேல்மண்ணும் மரமும் மீண்டு வர நெடுங்காலம் பிடிக்கும்.

நிழல் மரத்தின் பங்கு

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. ஒரு கிலோ கரி சேர, மரம் சுமார் 3.67 கிலோ கரியமில வாயுவை ஈர்த்திருக்க வேண்டும். எனவே 100 கிலோ உலர் எடையுள்ள மரத்தில் சுமார் 183 கிலோ வாயு அடைபட்டிருக்கிறது. மரத்தை எரித்தால் அவ்வளவும் காற்றில் கலந்துவிடும்.

இது நாட்டுக்கான கணக்கு. விவசாயிக்கு வேறு கணக்கு உண்டு. அராபிகா காப்பிக்கு 15 முதல் 25 டிகிரி வெப்பம் ஏற்றது. மார்ச், ஏப்ரல் மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் செடி பூக்கும். மழை தவறி வெப்பமும் கூடினால் காய்ப்பு குறையும். நிழல் கலைந்து வெயில் நேரே பட்டால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெருகும். நல்ல விலைக்கு ஆசைப்பட்டு சில்வர் ஓக் மரங்களை ஒரே சமயத்தில் வெட்டுபவர், மரம் விற்ற பணத்தைவிட அதிகமாகக் காப்பியில் இழக்க நேரிடலாம்.

செய்ய வேண்டியவை

* மரங்களை ஒரேயடியாக வெட்டாமல், விதிமுறைகளை வனத்துறையில் கேட்டறிந்து, பகுதி பகுதியாக வெட்டவும். முன்கூட்டியே மாற்றுக் கன்று நடவும்.

* சில்வர் ஓக்கை மட்டும் நம்பாமல் பலா, நாவல், அத்தி ஆகியவற்றையும் கலந்து வளர்க்கவும். கீழ்நிழலுக்குக் கல்யாண முருங்கை ஏற்றது. நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினால் உபரி வருமானம் உண்டு.

* துளைப்பான் வண்டுகள் ஏப்ரல்-மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளிவரும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தாக்கப்பட்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரிக்கவும். மற்றச் செடிகளின் தண்டில் உரிந்து நிற்கும் பட்டையைத் தேய்த்து நீக்கி, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் பூசவும்.

மரங்கள் ஈர்க்கும் வாயுவுக்குப் பணம் தருவதாகக் கூறி ஒப்பந்தத்துடன் வருவோரும் உண்டு. எத்தனை ஆண்டுகள், மரம் வெட்டும் உரிமை யாருக்கு, பணம் எப்போது, புயலில் மரம் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற நான்கையும் தமிழில் எழுத்தில் பெறாமல் கையெழுத்திட வேண்டாம். அந்தப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், நிழல் மரம் காப்பியைக் காப்பது நிச்சயம்.