சுவரோரம் நின்றவர்கள்

நியூயார்க் நகரில் 1990-ல் 2,245 கொலைகள், 2017-லோ 292! கெடுபிடியால் விளைந்த சாதனை என்று கொட்டி முழக்கினர், 1994-ல் மேயரான ஜூலியானியின் அன்பர்கள். அவர் அரியணை ஏறுமுன்பே கொலைகள் குறையத் தொடங்கிவிட்டனவே! காவலர் எண்ணிக்கையைப் பெருக்க வழி செய்தவர் அந்நகரின் முதல் கருப்பின மேயர் டிங்கின்ஸ். மாலையோ மற்றவர் கழுத்துக்கு!

காவலரே வேண்டாம் என்றா கூறுகிறோம்? இல்லை. தெருவில் மறித்துச் சோதிப்பதே மருந்து என்றார்களே, அதைத்தான் கேட்கிறோம். 2011-ல் மட்டும் ஏறத்தாழ 6,85,000 முறை மறித்தனர். பெரும்பாலோர் கருப்பினத்தார், இலத்தீன் அமெரிக்க வழியினர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் மீது வழக்கேதும் இல்லை!

அம்முறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. கொலை பெருகும் என்று எச்சரித்தார் மேயர் புளூம்பெர்க். 2017-ல் மறிப்பு 12,000-க்கும் கீழே, கொலையும் கீழே! அப்படியானால் அந்த இளைஞர்கள் கையுயர்த்திச் சுவரோரம் நின்றது எதற்காக?