ஒரிஜினல் பத்திரம்!

மக்கா... குற்றாலத்துல சாரல் அடிக்கிற ஜூன், ஜூலையிலதான் தென்காசி பஸ் ஸ்டாண்ட்ல ஃபைலும் கையுமா நம்ம பசங்க சென்னைக்கும் கோவைக்கும் பஸ் ஏறுறாங்க. முதல் வேலை! அங்கே போனா ஹெச்.ஆர். சில இடங்கள்ல சொல்ற முதல் வார்த்தை: 'பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி எல்லாத்தையும் ஒரிஜினலா ஒப்படைச்சிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கலாம்!'

வேலை கிடைச்ச சந்தோஷத்துல தலையாட்டிடுவீங்க. சிக்கலே அங்கதான்.

ட்ரெய்னிங் முடிச்சதும் வேற கம்பெனிக்குத் தாவிடுவீங்களோன்னு அவங்களுக்குப் பயம். பயம் நியாயம்தான், வழிதான் தப்பு. சம்பளம் ஒழுங்கா வரலைன்னாலும் சரி, டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டாலும் சரி, உங்க கையில ஒரு பேப்பரும் இருக்காது.

பாண்டு வேற, சர்ட்டிஃபிகேட் வேற!

3 வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்கிற விஜயா வங்கியோட நிபந்தனை செல்லும்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால பாண்டைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. அதுக்காக, போட்ட தொகை முழுசும் அப்படியே கிடைச்சிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்னு ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு சொல்லுது. ஆனா சர்ட்டிஃபிகேட் விற்பனைச் சரக்கு இல்லை, அதைப் பிடிச்சு வைக்கிற உரிமை கிடையாதுன்னு சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கு. நஷ்டம்னா கம்பெனி கோர்ட்டுக்குப் போகட்டும்!

கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடா போற அண்ணன்களுக்கு இதே கதை பாஸ்போர்ட்ல. நம்ம பாஸ்போர்ட் சட்டப்படி (1967) அது மத்திய அரசோட சொத்து. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெச்சா அபராதம்னு கத்தார்லயே 2015-ல சட்டம் போட்டாங்க. ஆவணங்களைப் பிடுங்கி வைக்கிறது கட்டாய உழைப்போட அடையாளங்கள்ல ஒண்ணுன்னு ஐ.எல்.ஓ. பட்டியல் போட்டிருக்கு.

சரி, என்ன செய்யலாம்?

* ஒரிஜினலைக் காட்டுங்க; ஜெராக்ஸைக் கொடுங்க. சரிபார்த்ததும் கையோட வாங்கிடுங்க.

* டிஜிலாக்கர்ல வர்ற மார்க் ஷீட் ஒரிஜினலுக்குச் சமம்னு 2016 விதியே இருக்கு. இப்பவே கணக்கு ஆரம்பிங்க.

* கொடுத்தே ஆகணும்னா, என்னென்ன கொடுத்தீங்க, எப்போ திரும்ப வரும்னு எழுதி, கையெழுத்து, சீலோட ரசீது வாங்குங்க.

* ஏற்கெனவே கொடுத்தாச்சா? திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்ல கடிதம் அனுப்புங்க. அசையலைன்னா 15100. இலவச சட்ட உதவி எண் இது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

காலேஜும் விதிவிலக்கு இல்லை. அட்மிஷன்போது ஒரிஜினலைச் சரிபார்த்துட்டுத் திருப்பித் தரணும்னு யு.ஜி.சி. 2018 அக்டோபர்லயே அறிவிச்சிடுச்சு.

அதனால, அடுத்த இன்டர்வியூவுல சம்பளத்தோட இன்னொண்ணையும் கேளுங்க: 'சார், ஒரிஜினலை எப்போ திருப்பித் தருவீங்க?' 'இப்பவே'ன்னு பதில் வந்தா, தைரியமா சேருங்க!