500 ஆண்டுக் குப்பை மேடு பூந்தோட்டமானது எப்படி? கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பூங்கா

தெருவில் ஒரு காலிமனை கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் யாரோ ஒருவர் இடித்த வீட்டின் செங்கல்லைக் கொட்டுவார். அடுத்த வாரம் குப்பைப் பைகள் வந்து சேரும். பிறகு "குப்பை மேடு" என்பதே அந்த இடத்தின் அடையாளமாகிவிடும். எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் இது சுமார் 500 ஆண்டுகள் நடந்தது. இன்று அதே மேட்டில் பூச்செடிகளும் பேரீச்சை வகை மரங்களும் நிற்கின்றன. குடும்பங்கள் புல்வெளியில் அமர்ந்து மாலைப் பொழுதைக் கழிக்கின்றன.

மதிலை மூடிய குப்பை

கி.பி. 969-ல் ஃபாத்திமிகள் நிறுவிய நகரம் கெய்ரோ. 12-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி நகரின் பாதுகாப்புக்காக மதில் எழுப்பினார். பின்னாளில் கிழக்கு மதிலுக்கு வெளியே மக்கள் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டத் தொடங்கினர். தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் மேடு குன்றாக வளர்ந்து மதிலையே மூடிவிட்டது. வரலாற்றுப் புகழ்பெற்ற அல்-அஸ்ஹர் பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 30 ஹெக்டேர் (சுமார் 74 ஏக்கர்) நிலம் இப்படிப் பாழாய்க் கிடந்தது.

1984-ல் கெய்ரோவில் நடந்த ஒரு கருத்தரங்கின்போது, இஸ்மாயிலி பிரிவினரின் தலைவராக இருந்த நான்காம் ஆகா கான், இந்நகர மக்களுக்கு ஒரு பூங்காவை அன்பளிப்பாகத் தருவதாக அறிவித்தார். அன்று கெய்ரோவாசி ஒருவருக்குக் கிடைத்த பசுமைப் பரப்பு ஒரு காலடித் தடம் அளவுதான் என்று கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடின. பூங்கா 2005-ல்தான் திறக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்?

நகரின் குடிநீர்த் தேவைக்காக அந்த நிலத்தில் மூன்று பெரிய நீர்த்தேக்கத் தொட்டிகள் கட்டப்பட வேண்டியிருந்தன. ஒவ்வொன்றும் 80 மீட்டர் விட்டமும் 14 மீட்டர் ஆழமும் கொண்டவை. அவை முடியும்வரை காத்திருந்து, அவற்றையும் உள்ளடக்கியே பூங்கா வடிவமைக்கப்பட்டது.

அடுத்த தடை மண். பல நூற்றாண்டு இடிபாடுகள் கலந்த அந்த மண்ணில் உப்பு மிக அதிகம். உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி வாடும். மேலே கொஞ்சம் செம்மண் பரப்பி ரோஜா நட்டிருந்தால் ஒரே கோடையில் எல்லாம் கருகியிருக்கும்.

எனவே முதலில் சுமார் 15 லட்சம் கன மீட்டர் மண்ணும் இடிபாடும் தோண்டி நகர்த்தப்பட்டன. லாரிக் கணக்கில் 80,000 நடைக்கும் மேல்! எஞ்சிய மண்ணின் பெரும்பகுதி சலித்துப் பக்குவப்படுத்தப்பட்டு, மணலும் வளமான மேல்மண்ணும் கலக்கப்பட்டது. அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நல்ல மண் பரப்பப்பட்டது. அதே காலத்தில் நாற்றங்கால்கள் அமைத்து, எந்தச் செடி இந்த மண்ணையும் வெயிலையும் தாங்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். பிறகுதான் நடவு. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளும் மரங்களும் நடப்பட்டன. தண்ணீர் அதிகம் கேட்காத வறண்ட நிலச் செடிகளைச் சரிவுகளுக்குக் கொடுத்தார்கள். நீரூற்றுகளும் பூச்செடிகளும் நடைபாதையை ஒட்டி இடம்பெற்றன.

மேட்டைத் தோண்டியபோது புதைந்து கிடந்த ஸலாஹுத்தீன் காலத்து மதில், கோபுரங்களோடும் வாயில்களோடும் சுமார் 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது.

அருகில் வாழ்ந்தவர்கள்

மதிலுக்கு உட்புறம் இருப்பது தர்ப் அல்-அஹ்மர். பழம்பெரும் பள்ளிவாசல்களும் நெருக்கமான வீடுகளும் தச்சர், கைவினைஞர் பட்டறைகளும் நிறைந்த ஏழை மஹல்லா. பாழிடம் பூங்காவானால் நிலத்தின் மதிப்பு ஏறும், வாடகையும் ஏறும். கடைசியில் காலங்காலமாக அங்கே வாழ்ந்தவர்களே வெளியேற நேரிடும். எத்தனையோ நகரங்களில் நடந்த கதைதான் இது.

இங்கே அதைத் தடுக்கும் முயற்சி திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பழுதடைந்த வீடுகளைக் குடியிருப்பவர்களோடு சேர்ந்து சீரமைத்தார்கள். வீடு பழுதுபார்க்கவும் சிறுதொழில் நடத்தவும் சிறுகடன் கொடுத்தார்கள். அப்பகுதி இளைஞர்கள் கல்வேலையும் தச்சுவேலையும் கற்று, மதிலையும் பழைய பள்ளிவாசல்களையும் புதுப்பிக்கும் பணியில் கூலி பெற்றார்கள். தன் கையால் கல் அடுக்கிய மதிலின் ஓரத்தில் யார்தான் மறுபடி குப்பை கொட்டுவார்?

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே! திறப்பு விழாவோடு மறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே புதராகிப்போன பூங்காக்களை நாம் பார்க்காதவர்களா?

நமக்கு என்ன பாடம்?

மரம் நடுவதும் பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதும் தர்மம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் 74 ஏக்கரும் கோடிகளும் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னாலோ வீட்டுக் கொல்லையிலோ நாலு சென்ட் பாழிடம் இருக்கலாம். அளவு சிறிதானாலும் வரிசை அதேதான். முதலில் கண்ணாடி, சிமெண்ட் கட்டி, பிளாஸ்டிக்கை அகற்றுங்கள். மண்ணைச் சலித்து, மட்கிய எருவும் நல்ல மண்ணும் கலந்து, சில தொட்டிகளில் வைத்துச் சோதியுங்கள். எது பிழைக்கிறதோ அதை நடுங்கள். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை நடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை அங்கே குப்பை போட்ட அண்டை வீட்டாரையும் நடவு நாளன்று அழையுங்கள். அவர் வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு செடியைக் கொடுங்கள். நாளை அந்த இடத்தைக் காக்கப்போவது அவர்கள்தான்.