விட்டுப் பிடிக்கலாம் வாங்க!

வாலாஜாபாத்ல பஸ் ஏறி ஒரகடம் போறதுக்குள்ள மொபைல்ல ஒரு செஸ் ஆட்டத்தை முடிக்கிற பார்ட்டியா நீங்க? அப்போ 'கிங்ஸ் இந்தியன்' டிஃபென்ஸ் உங்களுக்குத்தான்!

எதிராளி டி4, சி4-னு சிப்பாய்களைத் தள்ளி நடுக்கட்டங்களைப் பிடிக்கட்டும், விடுங்க. நீங்க கூலா குதிரையை எஃப்6-ல வைங்க. அப்புறம் சிப்பாய் ஜி6, பிஷப் ஜி7, சிப்பாய் டி6, காஸ்லிங். ராஜா பத்திரம்!

நம்ம பசங்க சறுக்குறதே இதுக்கு அப்புறம்தான். 'சேஃபா இருக்கோமே'னு சும்மா காய் நகர்த்திட்டு இருந்தா, எதிராளி சிப்பாய்கள் முன்னேறி மூச்சு முட்ட வெச்சிடும். சரியான நேரத்துல இ5 அல்லது சி5 ஆடி நடுவை இடிச்சே ஆகணும்.

சரி, அதென்ன 'இந்தியன்'? 1840-களின் கடைசியில், கல்கத்தாவில் இருந்த ஜான் கோக்ரேன் என்ற வெள்ளைக்கார வக்கீலோடு மோத வந்தார் மகேஷ் சந்தர் பானர்ஜி. கிராமத்துப் பக்கம் தோல்வியே காணாதவர்னு பேர் வாங்கினவர். உள்ளூர் சதுரங்கத்தில் சிப்பாய் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டமாத்தான் நகரும். அந்தப் பழக்கத்தில், ஓரத்திலிருந்து பிஷப்பை வெச்சு நடுவைக் குறிபார்த்தார். கோக்ரேன்கிட்ட அவர் தோத்ததுதான் அதிகம். ஆனா, பின்னாடி ஃபிஷரும் காஸ்பரோவும் ஆயுதமா எடுத்தது இந்த ஸ்டைலைத்தான்!

நாளைக்கு பஸ்லயே டிரை பண்ணுங்க. தோத்துட்டா? மகேஷ் சந்தரும் தோத்தவர்தான், பாஸ்!