அதிரும் மண்ணில் அமைந்த வாழ்வு

நில்லாத நிலத்தின்மேல் மக்கள் ஏன் நிலையாக வாழ்கின்றனர்? குஜராத்தின் கட்ச் பகுதி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

1819ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தரை மேலெழுந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்ட மேடாயிற்று. மக்கள் அதனை 'அல்லாவின் அணை' என்றழைத்தனர். 2001 சனவரி 26, குடியரசு நாள் காலையில் நிலம் மீண்டும் குலுங்கியது; 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எனினும் எஞ்சியோர் அம்மண்ணிலேயே மீண்டும் வீடு கட்டினர். பன்னிப் புல்வெளி அவர்தம் எருமைகளுக்கு மேய்ச்சல் தருகிறது. உப்பளங்களும் காண்ட்லா துறைமுகமும் வேலை தருகின்றன. நிலநடுக்கம் என்றோ ஒருநாள் வருவது. பசியோ நாள்தோறும் வருவது.

பன்னி மக்களின் மரபு வீடு 'புங்கா' எனப்படும். அதன் வட்டச்சுவரில் மூலைகள் இல்லை. ஆதலால் அதிர்வு ஓரிடத்தில் குவியாமல் சுவர் முழுவதும் பரவுகிறது. கூம்பு வடிவக் கூரையும் எடை குறைந்தது. 2001இல் முறையாகப் பிணைக்கப்படாத கல்வீடுகள் சரிந்தபோது, நன்கு கட்டப்பட்ட புங்காக்கள் பல நிலைத்து நின்றன.

பின்னர் எழுந்த புதிய வீடுகளில், கதவு சன்னல்களுக்கு மேலே சுவர்களைச் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைக்கப்பட்டது. அது நான்கு சுவர்களையும் ஒன்றாகக் கட்டி, அவை தனித்தனியே பிரிந்து விழாமல் காக்கிறது.

நிலநடுக்கத்தில் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பவை இடிந்து விழும் கட்டடங்களே. நிலத்தின் அதிர்வைத் தடுக்க நம்மால் இயலாது. சுவரை வலுப்படுத்த இயலும். அப்பணி அடுத்த அதிர்வுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.