பந்த்தை உட்கார வைக்கலாமா? ஃபேண்டஸி டீமும் டிடிஎஸ் கணக்கும்

ஐபிஎல் சீசன்ல டாஸ் முடிஞ்சு மேட்ச் ஆரம்பிக்க அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்துல மம்சாபுரம் டீக்கடையிலயும் சரி, ராஜபாளையம் மில் ஆபீஸ்லயும் சரி, ஒரே பேச்சுதான். யாரை டீம்ல வைக்கிறது, யாரைத் தூக்குறது, கேப்டன் யாரு? கேப்டனுக்கு டபுள் பாயிண்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்குங்கிறதால அந்த ரெண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் பாதி சண்டை நடக்கும்.

2025 ஆகஸ்ட் 22 அன்னைக்கு ஆன்லைன் கேமிங் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். அதோட பெரிய கம்பெனிகள் எல்லாம் காசு கட்டி ஆடுற போட்டிகளை நிறுத்திட்டாங்க. அப்புறம் இப்போ எதுக்கு இந்தப் பேச்சுனு கேப்பீங்க. ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நீங்க ஆடினது 2025-26 நிதியாண்டுல வருது. அதுக்கான ரிட்டர்ன் 2026 ஜூலையிலதான். ஆட்டம் நின்னாலும் கணக்கு இன்னும் முடியல.

முதல்ல டீம் செலக்‌ஷன். இதுல திறமை இல்லவே இல்லைனு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல ஃபுட்பால்ங்கிறது வேற ஆட்டம். அங்க ஃபேண்டஸி ஆடுறவங்க, பந்தைக் கையில வாங்கிட்டு ஓடுற 'ரன்னிங் பேக்' ஆட்டக்காரங்கள்ல இந்த வாரம் யாரை இறக்குறது, யாரை பெஞ்ச்ல வைக்கிறதுனு வாரா வாரம் மண்டையை உடைச்சுக்குவாங்க. விவரமானவங்க பேரைப் பார்க்க மாட்டாங்க. இந்த வாரம் அவர் கைக்குப் பந்து எத்தனை தடவை வரும்னுதான் பார்ப்பாங்க. நம்ம கிரிக்கெட்டுக்கும் அதேதான். அவருக்கு எத்தனை பால் ஆடக் கிடைக்கும், எத்தனை ஓவர் கையில கொடுப்பாங்க?

2025 மார்ச் 28, சேப்பாக்கம், ஆர்சிபி மேட்ச். தோனி ஒன்பதாவது ஆளா இறங்கினார். 16 பால்ல 30 ரன், அவுட் இல்லை. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சிஎஸ்கே 50 ரன்ல தோத்துப் போச்சு. ஒன்பதாவது இறங்குற ஒருத்தரைப் பாசத்துல கேப்டனா வெச்சா பாயிண்ட் எங்கிருந்து வரும்? அதே சீசன்ல நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்கு ஓப்பனிங் இறங்கி 759 ரன் அடிச்சு ஆரஞ்சு கேப் வாங்கினார். சூர்யகுமார் யாதவ் ஆடின 16 இன்னிங்ஸ்லயும் 25க்குக் கீழ போகவே இல்லை, மொத்தம் 717 ரன். இந்த மாதிரி ஆளுங்களை வெச்சுக்க பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை.

கஷ்டமான கேஸ் ரிஷப் பந்த். ஏலத்துல லக்னோ அவருக்குக் கொடுத்தது 27 கோடி. கடைசி லீக் மேட்ச் வரைக்கும் அவர் சேர்த்தது மொத்தமே 151 ரன். ஏப்ரல் 22 டெல்லி மேட்ச்ல ஏழாவது ஆளா கடைசி ஓவர்ல வந்து ரெண்டு பால்ல டக் அவுட். அப்புறம் மே 27 அன்னைக்கு, எல்லாரும் அவரைத் தூக்கி எறிஞ்ச பிறகு, ஆர்சிபிக்கு எதிரா 118 நாட் அவுட்!

"பாத்தீங்களா, வெச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்"னு நிறைய பேர் சொன்னாங்க. எனக்கு அது சரியாப் படல. அந்த 118 ரன்னுக்காக அதுக்கு முன்னாடி எத்தனை மேட்ச் என்ட்ரி ஃபீயை விட்டிருக்கணும்னு எண்ணிப் பாருங்க. 27 கோடி கொடுத்தது லக்னோவோட முடிவு, அது போன காசு. அக்கவுண்டிங்ல இதை சங்க் காஸ்ட்னு சொல்வோம். ஏற்கனவே செலவாகி, இனி என்ன முடிவு எடுத்தாலும் திரும்பி வராத தொகை. அடுத்த மேட்ச்ல யாரை இறக்கலாம்ங்கிற கேள்விக்குள்ள அந்த 27 கோடி வரவே கூடாது. வெங்கடேஷ் ஐயருக்கு கொல்கத்தா கொடுத்தது 23.75 கோடி, 11 மேட்ச்ல 142 ரன்தான் வந்துச்சு. ஷ்ரேயஸ் ஐயருக்கு பஞ்சாப் கொடுத்தது 26.75 கோடி, அவர் 604 ரன் அடிச்சார். விலையை மட்டும் வெச்சு இந்த மூணு பேரையும் உங்களால பிரிச்சிருக்கவே முடியாது. (உங்க டீமேட் அக்கவுண்ட்ல 40% இறங்கிக் கிடக்குற அந்த ஒரு ஷேர் இப்போ ஞாபகத்துக்கு வந்தா, நான் பொறுப்பில்லை.)

சரி, நீங்க நல்லாவே செலக்ட் பண்றீங்கன்னு வெச்சுப்போம். காசு நின்னுச்சா? இதுக்கு ஒரு சின்ன கணக்கு போடலாம். ரெண்டு பேர் தலா 50 ரூபாய் கட்டுறாங்க. கம்பெனி பங்கு போக ஜெயிச்சவருக்கு 85 ரூபாய்னு எடுத்துக்குங்க. இதுல லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கவே 100 மேட்ச்ல 59 ஜெயிக்கணும். நீங்க கில்லாடி, 65 ஜெயிச்சுட்டீங்க. கைக்கு வந்தது 5,525, கட்டினது 5,000, மிச்சம் 525. அதுல 30% வரி, அது மேல 4% செஸ், ஆக 31.2%. 164 ரூபாய் போயிடும். நூறு ராத்திரி டாஸ் நேரத்துல போனும் கையுமா உட்கார்ந்ததுக்குக் கிடைச்சது 361 ரூபாய்.

இதுல ஜிஎஸ்டியை நான் சேர்க்கவே இல்லை. 2023 அக்டோபர் 1ல இருந்து நீங்க போட்ட முழு டெபாசிட்டுக்கும் 28% இருந்துச்சு. நீங்க போட்ட 100 ரூபாய்க்குள்ளயே 21.88 ரூபாய் வரியாப் போச்சு. சில கம்பெனிகள் அதைத் தாங்களே ஏத்துக்கிட்டு போனஸா திருப்பிக் கொடுத்தாங்க. அந்த போனஸுக்கான காசும் கடைசியில உங்க என்ட்ரி ஃபீல இருந்துதான் வரணும்.

இப்போ உங்க வரிக்கு வருவோம். நிறைய பேருக்கு அடி விழறது இங்கதான். மாசம் 40,000 சம்பளம்னா வருஷத்துக்கு 4.8 லட்சம். புது ரெஜிம்ல 87ஏ ரிபேட் இருக்கறதால சம்பளத்துக்கு வரி பூஜ்யம். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல ஒரு ஆப்ல நிகரமா 20,000 ஜெயிச்சீங்க, எடுக்கும்போது 6,000 டிடிஎஸ் பிடிச்சாங்க. "எனக்குத்தான் வரியே இல்லையே, ரிட்டர்ன் போட்டா ரீஃபண்ட் வந்துடும்ல?"னு கேப்பீங்க. வராதுங்க. ஆன்லைன் கேம்ல ஜெயிச்சதுக்கு 115பிபிஜேனு தனிப் பிரிவு. அந்த 30% தனியா நிக்கும், ரிபேட் அதைத் தொடாது. மேல செஸ் 240 ரூபாயையும் நீங்கதான் கட்டணும்.

இன்னொரு ஆப்ல 25,000 விட்டிருந்தா? ஒவ்வொரு கம்பெனியும் தன்கிட்ட இருக்கிற உங்க கணக்கை மட்டும் பார்த்துத்தான் டிடிஎஸ் பிடிக்கும். எடுத்த காசுல இருந்து போட்ட காசையும் வருஷ ஆரம்பத்துல இருந்த பேலன்ஸையும் கழிச்சா நிகர ஜெயிப்பு, அவ்வளவுதான். இங்க விட்டதை அங்க கழிச்சுக்க வழியில்லை. ஆக உங்க பையில இருந்து போனது 5,000, அதுக்கு மேல வரி 6,240. தோத்தவர் வரியும் கட்டுறார். ரெஃபரல் போனஸை எடுத்திருந்தா அது நீங்க போட்ட டெபாசிட் கணக்குல வராதுங்கறதையும் பாத்துக்குங்க.

ரிட்டர்ன்ல இதைக் காட்டாம விடலாமானு கேக்காதீங்க. 194பிஏ டிடிஎஸ் உங்க பான் நம்பர்ல ஏஐஎஸ்ல அப்படியே நிக்கும். வழக்கமா போடுற ஐடிஆர்-1 இதுக்கு ஆகாது, ஐடிஆர்-2 போடணும்.

இப்பவும் டெலிகிராம் குரூப்ல "பணம் கட்டி ஆடலாம், யுபிஐ அனுப்புங்க"னு வர்றாங்க. மத்தியச் சட்டப்படி தண்டனை நடத்துறவங்களுக்கும், விளம்பரம் பண்றவங்களுக்கும், பணப் பரிவர்த்தனைக்கு வழி செய்றவங்களுக்கும்தான். நடத்தினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ஆனா அவங்க காசு தரலைனா நீங்க எங்க போய் கேப்பீங்க? ஆசை விடலைனா ஃபேண்டஸி பிரீமியர் லீக் மாதிரி ஒரு பைசா கட்டாம ஆடுறது இருக்கு. 15 பேர்ல நாலு பேரை பெஞ்ச்ல வைக்கணும், தலைவலி அதேதான்.

அந்த பழைய ஆப்களை இன்னும் டெலீட் பண்ணலைனா, முதல்ல ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்குமான ஸ்டேட்மெண்ட்டை டவுன்லோட் பண்ணி மெயில்ல போட்டு வைங்க. வாலட்ல மிச்சம் கிடந்தா எடுத்துடுங்க. மார்ச் 31 அன்னைக்கு அங்க கிடக்குற பேலன்ஸையும் எடுத்ததாவே கணக்குல சேர்த்து டிடிஎஸ் பிடிப்பாங்க.